அரசின் மின்கம்பி வந்த பிறகு ஊரின் சொந்த விளக்குகளுக்கு என்ன ஆகிறது?

பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்தில் தர்ணை என்று ஓர் ஊர் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர். 2014 ஜூலையில் கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பு வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து, சுமார் மூன்று கோடி ரூபாய் செலவில் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை அமைத்தது. அதில் 70 கிலோவாட் 450 வீடுகளுக்கும் கடைகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் போனது. மீதி பாசன பம்புகளுக்கு. அடுத்த மாதம் முன்னாள் முதல்வர் நிதிஷ் குமார் திறப்பு விழாவுக்கு வந்தார். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்த கூட்டத்திலிருந்து எழுந்த கோரிக்கை வேறு: “எங்களுக்கு உண்மையான மின்சாரம் வேண்டும்.”

கேட்டது கிடைத்தது. விரைவிலேயே அரசின் மின்கம்பி ஊருக்குள் வந்தது. சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 9 ரூபாய். கம்பியில் வந்தது ஏறத்தாழ 3 ரூபாய். சூரிய மின்சாரத்தில் குளிர்பதனப் பெட்டி வைக்கக் கூடாது, இஸ்திரிப் பெட்டி போடக் கூடாது என்று கட்டுப்பாடுகள் இருந்தன. கம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஓய்ந்தன, அவற்றை மாற்ற யாரும் முன்வரவில்லை. 2021-ல் செய்தியாளர்கள் போய்ப் பார்த்தபோது மின்நிலைய வளாகத்தில் மாடுகள் கட்டியிருந்தன.

நிலக்கரிக்காகப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கதை அல்வா. “பார்த்தீர்களா, சூரிய மின்சாரம் விளையாட்டுப் பொருள்” என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சூழலியல் பக்கம் இருப்பவர்களோ தர்ணையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. மின்தொகுப்போடு, அதாவது நாடு முழுக்க ஓடும் மின்கம்பி வலையோடு, சேராத கிராமத்துக்குச் சூரியனிலிருந்தோ ஓடையிலிருந்தோ மின்சாரம் எடுத்துக் கொடுப்பது எப்போதோ தீர்ந்துபோன பொறியியல் கணக்கு. தீராமல் இருப்பது வேறு கணக்கு: அந்த ஊருக்குப் பெரிய கம்பி வரும் நாளில் சின்ன நிலையத்தை யார் பொறுப்பேற்பது, அதற்கு வாங்கிய கடனை யார் அடைப்பது? இதை முதல் நாளே எழுதி வைத்த நாடுகள் சில. எழுதாமல் விட்டவைதான் அதிகம்.

ஊர் மக்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பதற்கு மனக்கணக்கே போதும். வங்கதேசத்தில் பரவலாக விற்ற வீட்டுச் சூரிய மின்அமைப்பை எடுத்துக்கொள்வோம். 50 வாட் பேனல், ஒரு லெட்-ஆசிட் (ஈய-அமில) பேட்டரி, மூன்று நான்கு விளக்குகள், கைப்பேசி சார்ஜ் செய்ய ஒரு முனை. நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு மணி நேர முழு வெளிச்சம் என்று வைத்தால் 200 வாட்-மணி கிடைக்கும். பேட்டரியிலும் கம்பியிலும் இழப்பு போக 150 மிஞ்சும். விளக்குகளுக்கும் கைப்பேசிக்கும் இது தாராளம். ஆனால் சாதாரணக் கூரை மின்விசிறி ஒன்று 70 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 560 வாட்-மணி. ஒரே ஒரு விசிறிக்கே நான்கு நாள் வெயில் வேண்டும். வைகாசிப் புழுக்கத்தில் ஒரு வீட்டார் விளக்கோடு திருப்தி அடைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் இருந்துதான் அதை எழுதியிருப்பார்.

இருந்தாலும் அந்த 50 வாட் பேனல் சாதித்தது சாதாரணமல்ல. வங்கதேசத்தில் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் 2003-ல் உலக வங்கிக் கடனோடு இதைத் தொடங்கியது. 2008-க்குள் 50,000 வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். 2005-லேயே அது முடிந்துவிட்டது. 2013 வாக்கில் மாதத்துக்கு 50,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் பொருத்தப்பட்டன. மொத்தம் 41 லட்சம் அமைப்புகள், பயன்பெற்றவர்கள் இரண்டு கோடிப் பேர். மின்தொகுப்போடு சேராத வீட்டுச் சூரிய மின்சாரத் திட்டத்தை இவ்வளவு பெரிய அளவில் வேறெந்த நாடும் நடத்தியதில்லை. ஜமுனை ஆற்றின் நடுவே மண் ஒதுங்கி உருவான சர் நிலங்களில், அடுத்த வெள்ளத்தில் வீட்டையே பிரித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய குடும்பங்கள், பேனலையும் கழற்றித் தூக்கிக்கொண்டு போயின. நட்டுவைத்த மின்கம்பத்தை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

திட்டத்தின் உயிர் பேனலில் இல்லை, தவணையில் இருந்தது. எதுவும் இலவசமாகக் கொடுக்கப்படவில்லை. வீட்டார் விலையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டை முன்பணமாகக் கட்டுவார்கள். மீதியை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாக அடைப்பார்கள். கிராமீன் சக்தி போன்ற நிறுவனங்கள் பொருத்திக் கொடுத்து வசூலிக்கும். அவற்றுக்கு இட்கால் மறுகடன் கொடுக்கும். தவணை வாங்க மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருபவரே பேட்டரியில் நீர் மட்டத்தைப் பார்ப்பார், துரு ஏறிய முனையைத் துடைப்பார், எரியாத விளக்கை மாற்றுவார். வசூல்காரரும் மெக்கானிக்கும் ஒரே ஆள். விளக்கு எரியாவிட்டால் தவணை வராது என்பதால் அவருக்கும் அக்கறை இருந்தது. மேம்பாட்டுத் திட்டங்களில் இத்தனை எளிமையான, இத்தனை சரியான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. கவனித்தால் அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது: தவணை நின்றால் பராமரிப்பும் நிற்கும்.

தவணை இரண்டு காரணங்களால் நின்றது. கிராமப்புற மின்மயமாக்கல் வாரியம் யாரும் எதிர்பாராத வேகத்தில் கம்பி இழுத்தது. 2009-ல் நாட்டில் பாதிப் பேருக்குக்கூட மின்சாரம் இல்லை. 2022 மார்ச்சில் நூறு விழுக்காடு எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. வாசலில் கம்பம் நிற்கும்போது பழைய பேனலுக்குத் தவணை கட்ட யாருக்கு மனம் வரும்? இரண்டாவது காரணம் அரசே செய்துகொண்டது. ஏழைகளுக்கான நிவாரண வேலைத் திட்டங்களின் கீழ் அதே சூரிய அமைப்புகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கிடைத்தது, எனக்கு மட்டும் ஏன் கடன் என்று கேட்டவர்களிடம் வசூல்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. விற்பனை சரிந்தது, வாராக்கடன் ஏறியது, பொருத்திய நிறுவனங்கள் கிளைகளை மூடின. ஒரு துறை ஊக்கம் கொடுத்து வளர்த்த சந்தையை இன்னொரு துறை இலவசத்தால் கலைத்தது.

சந்தீப் தீவில் இது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. வங்கதேசத்தின் முதல் சூரிய குறுமின்தொகுப்பு (ஓர் ஊருக்கு மட்டுமான சிறு நிலையமும் கம்பிகளும்) 2010-ல் அங்கே வந்தது, 100 கிலோவாட். இத்தகைய குறுமின்தொகுப்புகளில் யூனிட் ஏறத்தாழ 30 டாக்கா (வங்கதேசப் பணம்). கடலால் சூழப்பட்ட தீவு என்பதால் பெரிய கம்பி வராது என்பதே முதலீட்டின் அடிப்படை. 2018-ல் கடலுக்கடியில் கேபிள் போட்டு நாட்டு மின்தொகுப்பை அங்கே கொண்டுவந்தார்கள். அரசு விலைக்கும் 30 டாக்காவுக்கும் இடையே போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

வங்கதேசத் திட்டம் தோற்றது என்று சொல்ல எனக்கு மனமில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டு கோடிப் பேரின் மாலை நேரத்தை மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து மீட்டது சிறிய காரியமா? அது இடைக்காலத் திட்டம், அந்த இடைக்காலத்தை நன்றாகவே நிரப்பியது. குறை எங்கே என்றால், இடைக்காலம் என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. இன்னொன்றும் உண்டு. நூறு விழுக்காடு அறிவிப்பு வந்து நான்கே மாதங்களில், 2022 ஜூலையில், எரிபொருள் விலையேற்றத்தால் நாடு முழுக்க முறை வைத்து மின்வெட்டு அறிவித்தார்கள். அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதி ஒரே நாளில் இருண்டது. பழைய பேனலை விற்காமல் கூரையில் விட்டுவைத்தவர்கள் அன்று விளக்கேற்றிக்கொண்டார்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. சில ஆண்டுகளில் ஓயும் லெட்-ஆசிட் பேட்டரிகளை லட்சக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பினால், அவற்றின் ஈயம் எங்கோ உருக்கப்பட்டே தீரும். வங்கதேசத்தில் பழைய பேட்டரிகளைத் திறந்தவெளியில் உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகள் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் இரத்தத்தில் நஞ்சேற்றியது நன்கு பதிவான சோகம். ரிக்‌ஷா, இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் தூய மின்சாரம் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இலங்கையில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே இது ஒருமுறையல்ல, இருமுறை நடந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓடைகளில் சிறு டர்பைன்கள் வைத்துத் தொழிற்சாலைகளை இயக்கின. நூற்றுக்கணக்கில் இருந்தன. தொழிற்சாலையில் விளக்கு எரிந்தது. தேயிலை பறித்துக் கொடுத்த தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயன் அறைகளுக்குப் பல பத்தாண்டுகள் அந்த வெளிச்சம் வரவில்லை. ஓடை ஒன்றுதான், மின்சாரமும் ஒன்றுதான், கம்பி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. 1950-ல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மின்தொகுப்பு மலைக்கு ஏறியபோது, தோட்டங்கள் தங்கள் டர்பைன்களைக் கைவிட்டன. துருப்பிடித்துக் கிடந்த அந்த இயந்திரங்களை 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சிலர் மறுபடி துடைத்துப் பார்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து கிராம நீர்மின் திட்டம் பிறந்தது.

இரத்தினபுரி, கேகாலை, மாத்தறை, நுவரெலியா மாவட்டங்களின் மலைக் கிராமங்களில் 1990-களிலிருந்து இது பரவியது. ஓடையில் சிறு தடுப்பணை, மலைச்சரிவில் பிவிசி குழாய், கீழே உள்ளூர்ப் பட்டறையில் வார்த்த, நீர் பாய்ந்து சுழற்றும் பெல்டன் சக்கரம். ஜெனரேட்டர் பல இடங்களில் சாதாரண மோட்டார்தான், திருப்பிச் சுற்றினால் மின்சாரம் தரும்படி மாற்றியமைத்தது. வீடுகள் இழுக்காத மின்சாரத்தைச் சூடாக்கி வீணடித்துச் சமநிலை காக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஊரார் மண் வெட்டினார்கள், குழாய் சுமந்தார்கள், மின் நுகர்வோர் சங்கம் என்று பதிவு செய்தார்கள், வங்கிக் கடன் வாங்கினார்கள். ஒரு வீட்டுக்கு 200 முதல் 250 வாட். விளக்கும் தொலைக்காட்சியும் போடலாம். சோற்றுக் குக்கரோ இஸ்திரிப் பெட்டியோ போட்டால் ஊரே மங்கும். யார் வீட்டில் போட்டார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 1997-லிருந்து உலக வங்கி நிதியும் சேர்ந்தபோது நூற்றுக்கணக்கான ஊர்கள் இப்படி விளக்கேற்றின.

பின்பு இலங்கை மின்சார சபையின் கம்பி வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் நிலையத்தை மூடின. மூடிய விதம் கவனிக்கத்தக்கது. ஊரே கூடி ஒரே நாளில் முடிவெடுப்பதில்லை. அறுபது வீடுகள் உள்ள ஊரில், குளிர்பதனப் பெட்டி வாங்க வசதியுள்ள பத்து வீடுகள் முதலில் விலகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவைதான் தவறாமல் சந்தா கட்டிய வீடுகள், சங்கத்தில் கணக்கு எழுதத் தெரிந்தவர்களும் அங்கேதான் இருந்திருப்பார்கள். குழாய் உடைந்தால் ஆகும் செலவு மட்டும் குறையாது. மீதி ஐம்பது வீடுகளின் சந்தா ஏறும். ஏறினால் இன்னும் பத்துப் பேர் போவார்கள். கடைசியில் நிற்பவர்கள் ஊரின் மிக ஏழைகள், அவர்களின் கையில் ஒரு டர்பைனும் ஒரு கடனும். ஓடை வற்றவில்லை, சக்கரம் தேயவில்லை. அந்த மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்றிருக்கலாம். மிகச் சில ஊர்கள் அப்படி விற்கவும் செய்தன. ஆனால் மின்தொகுப்போடு ஒத்திசைந்து இணைக்கும் கருவியின் விலை பத்து இருபது கிலோவாட் நிலையத்துக்குக் கட்டுப்படியாகாது. அந்தச் செலவை ஏற்க எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்றால், முடியும். கம்போடியாவில் போருக்குப் பிறகு ஊர்தோறும் டீசல் ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் விற்ற சிறு வியாபாரிகள் இருந்தார்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் அல்ல, புகை கக்கும் டீசல்தான். ஆனால் அவர்களுக்கு மின்சார ஒழுங்காணையம் உரிமம் கொடுத்தது: கம்பியையும் கம்பத்தையும் தரத்துக்கு உயர்த்து, நீண்டகால உரிமம் தருகிறோம், பெரிய மின்தொகுப்பு வரும்போது ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, மொத்தமாக வாங்கி உன் ஊரிலேயே சில்லறையாக விற்றுக்கொள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அப்படி மாறினார்கள். மின்தொகுப்பின் வருகை அவர்களுக்குப் பிழைப்பின் முடிவாக இல்லாமல் மலிவான கொள்முதலாக ஆனது.

நைஜீரியா இன்னும் நேராகப் போனது. அனுமதி பெற்ற குறுமின்தொகுப்பு இருக்கும் ஊருக்குப் பெரிய கம்பி வந்தால், தேய்மானம் போக எஞ்சிய சொத்து மதிப்பும் முந்தைய பன்னிரண்டு மாத வருவாயும் இழப்பீடு என்று அங்கே 2016-ல் எழுதிய ஒழுங்குமுறை விதி சொன்னது. நேபாளத்தில் நுவாகோட் மாவட்டத்தின் சியாவ்ரேபூமி என்ற 23 கிலோவாட் நீர்மின் நிலையம் 2018 ஜனவரியில் நாட்டு மின்தொகுப்போடு இணைக்கப்பட்டது. அதன் பிறகு ஊர் தன் ஓடை மின்சாரத்தை விற்கும், தேவைப்பட்டால் வாங்கும். 23 கிலோவாட் என்பது ஒரு நாட்டின் மின்தேவையில் கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனாலும் அதற்கான விதியை ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த நூறு நிலையங்களுக்கு அது வழி. இந்தியாவில் உத்தரப்பிரதேசம் 2016-ல் கொண்டுவந்த குறுமின்தொகுப்புக் கொள்கையிலும் இதுபோல் வெளியேறும் வாய்ப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன.

இப்படி விதி எழுதாவிட்டாலும் சில சிறு நிலையங்கள் பிழைத்திருக்கின்றன. பீகாரில் 2008 வாக்கில் நெல் உமியிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிய ஹஸ்க் பவர் நிறுவனம், பின்னர் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டு, அரசு மின்சாரம் வந்த ஊர்களிலும் வாடிக்கையாளர்களை வைத்திருக்கிறது. காரணம் விலையல்ல, நேரம். மாலை ஏழு மணிக்கு மின்சாரம் போனால் மளிகைக் கடைக்காரருக்கும் மாவு மில்காரருக்கும் அன்றைய வியாபாரம் போச்சு. அவர் யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுப்பார், நின்று போகாத மின்சாரம் என்றால். தர்ணைக்காரர்கள் விரும்பியது மலிவான, அளவில்லாத மின்சாரம். கடைக்காரர் விரும்புவது தவறாத மின்சாரம். இரண்டையும் ஒரே பேனலால் கொடுக்க முடியும் என்று நினைத்தவர்கள் பணத்தை இழந்தார்கள்.

பெரிய கம்பி வரவே வராத இடங்கள் எஞ்சியிருக்கின்றன. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் என்று இந்தியா 2017-ல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில், கம்பி எட்டாத காட்டுக் குடியிருப்புகளுக்கு 200 முதல் 300 வாட் சூரிய அமைப்பு கொடுத்தார்கள்: ஐந்து எல்.இ.டி. விளக்குகள், நேர்மின்னோட்டத்தில் ஓடும் ஒரு விசிறி, ஒரு பிளக். விசிறியைச் சேர்த்தது வங்கதேசப் பாடத்திலிருந்து ஒரு படி மேலே போனது. பராமரிப்பு ஐந்து ஆண்டுகளுக்கு. பேட்டரி ஓயத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே ஐந்தாவது ஆண்டில்தான்.

யாழ்ப்பாணத் தீவுகளில் கதை வேறு திசையில் போகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் மின்சார சபை டீசல் ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் கொடுத்து வந்திருக்கிறது. டீசல் படகில் போக வேண்டும், அடக்கவிலை மிக அதிகம். ஆனாலும் தீவு மக்கள் கட்டுவது கொழும்புக்காரர் கட்டும் அதே கட்டண அட்டவணைப்படிதான். இந்த டீசலைக் குறைக்க ஆசிய வளர்ச்சி வங்கி நிதியில் போடப்பட்ட டெண்டர் 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போனது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு அருகில் சீனரா என்று இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் 110 லட்சம் டாலர் இந்திய மானியத்தில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம். சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், பேட்டரி 2,400 கிலோவாட்-மணி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். மூன்று சிறு தீவுகளில் விளக்கெரிய மூன்று நாட்டு அரசுகள் மூன்று ஆண்டுகள் பேசியிருக்கின்றன.

அரசியலை ஒதுக்கிவிட்டுத் திட்டத்தைப் பார்த்தால் அதில் ஒன்று சரியாக இருக்கிறது. பக்கத்திலேயே எழுவைதீவில் ஏற்கெனவே இதுபோன்ற கலப்பு அமைப்பு ஒன்று சிறிய அளவில் ஓடிக் காட்டியிருக்கிறது. வீடுகளுக்கு விநியோகக் கம்பி முன்பே உண்டு; மீட்டர் உண்டு; வசூலிக்க ஆள் உண்டு. தீவு மக்கள் சங்கம் அமைக்க வேண்டியதில்லை, பேனலுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, குளிர்பதனப் பெட்டி வைக்கலாமா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. டீசலுக்குப் பதில் வெயிலும் வாடைக் காற்றும் வருகின்றன, வீட்டு மீட்டரில் எதுவும் மாறுவதில்லை. மெல்லிய ஓடையை நம்பி மண் சுமந்த மாத்தறைக் கிராமத்துக்கும், தவணை கட்டி பேனல் வாங்கிய ஜமுனைத் தீவுக்கும் கிடைக்காத சலுகை இது: இழப்பு ஊரின் கணக்கில் அல்ல, நாட்டின் கணக்கில் எழுதப்படுகிறது. அந்த 2,400 கிலோவாட்-மணி பேட்டரி ஓயும் ஆண்டிலும் அதே கணக்கில் எழுதுவார்களா என்பதை, மானியம் கொடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் ஏதோ ஒரு வரவுசெலவுத் திட்டம் முடிவு செய்யும்.